ஓபராக் கையெழுத்து சேர்க்க வருகிறவர்களுக்கு

ஓபராப் பாடகர்களின் கையெழுத்தைச் சேர்க்கத் தொடங்கிய இளையவர்கள் அவ்வப்போது என்னைத் தேடி வருவார்கள். பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டி, "இது அசல்தானா? என்ன விலை போகும்?" என்று கேட்பார்கள். இரண்டுக்கும் பதில் உண்டு. அதற்குமுன் நான் ஒன்று கேட்பேன்: அதில் என்ன எழுதியிருக்கிறது, படித்தீர்களா? பெயரைச் சொல்லவில்லை. ஐந்து கோடு இழுத்து, நாலைந்து சுரம் இட்டு, அவற்றின் கீழே பாட்டின் சொற்களை எழுதி, அதற்கும் கீழே பெயர் போட்டுத் தரும் வழக்கம் ஐரோப்பியப் பாடகர்களிடம் இருந்தது. இப்போது அருகிவிட்டாலும் கேட்டால் கிடைக்கும். இசைவரி என்று அதைச் சொல்கிறேன். கீழே வருபவை பெரும்பாலும் அதைப் பற்றியவை. நினைவுக்கு வந்த வரிசையிலேயே எண் போட்டிருக்கிறேன்.

1. முதல் வேலையாக ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பியானோ வாசிக்கத் தெரிய வேண்டாம். கோட்டில் இருக்கும் சுரத்தை வாய்க்குள் முணுமுணுக்க முடிந்தால் போதும். அது தெரியாதவர் கையில் இருக்கும் இசைவரி வெறும் அலங்காரம்தான். விற்பவர் 'டோஸ்கா' என்றால் அவரும் டோஸ்கா என்பார். படிக்கத் தெரிந்தவருக்கு முதல் பார்வையிலேயே பாதி விஷயம் புரிந்துவிடும். பாஸ் குரல்காரர் வழக்கமாக பாஸ் கிளெஃபில் எழுதுவார். டெனர் எழுதுவது ட்ரெபிள் கிளெஃபில், பாடுவது ஒரு ஸ்தாயி கீழே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதித் தாள்களில் சொப்ரானோ குரலுக்கு முதல் கோட்டில் உட்காரும் சி-கிளெஃப் இருப்பதைப் பார்ப்பீர்கள். ட்ரெபிள் என்று நினைத்து அதைப் படித்தால் எந்தப் பாட்டோடும் பொருந்தாது. "தப்பாக எழுதியிருக்கிறார்கள், போலி" என்று தூக்கிப்போட்டவர்களும் உண்டு. வாங்கியவர்களுக்கு அதிர்ஷ்டம்.

2. இந்த வரியை இவர் பாடினாரா? என் அறிவுரைகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் பார்த்துப் பழகி எழுதிவிடும் போலிக்காரர்கள் ஏராளம். எந்தப் பாடகருக்கு எந்தப் பாத்திரம், எந்த ஆண்டில், எந்த மேடையில் என்று தெரிந்து எழுதுகிறவர்கள் குறைவு.

மரியா காலாஸ் 1964-இல் பாரிஸில் 'கார்மென்' முழுவதையும் இசைத்தட்டுக்காகப் பாடினார். மேடையில் ஒருநாளும் கார்மெனாக நடித்ததில்லை. ஆகவே காலாஸ் எழுதிய கார்மென் வரி என்று ஒன்று, ஐம்பதுகளின் தொடக்கத்துத் தேதியோடு வந்தால் நிதானியுங்கள். கருசோ ஒதெல்லோ பாத்திரத்தை மேடையேற்றவே இல்லை. ஆனால் 1914-இல் டிட்டா ருஃபோவோடு சேர்ந்து அந்த ஓபராவிலிருந்து ஒரு டூயட்டைப் பதிவு செய்தார். 'மேடையில் பாடவில்லை' என்பதோடு நின்றுவிடாமல் இசைத்தட்டுப் பட்டியலையும் புரட்டச் சொல்வது இதனால்தான். ஜெனி லிண்ட் 1849-லேயே ஓபரா மேடையை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு பி. டி. பார்னம் ஏற்பாட்டில் அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராகப் பாடியதெல்லாம் கச்சேரிதான். அந்தப் பயணத்தில் அவர் எழுதித் தந்த தாளில் ஓபரா வரி இருக்கக் கூடாது என்றில்லை, கச்சேரியிலும் ஆரியா பாடினார். ஆனால் 'நியூயார்க்கில் லிண்ட் நடித்த ஓபராவின் நினைவாக' என்று விற்பவர் கதை சொன்னால், கதையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

இதிலேயே இன்னொரு படி உண்டு. ஒரு பாத்திரத்தை உலகில் முதன்முதலாக மேடையேற்றியவர் தன் கையால் அந்தப் பாத்திரத்தின் வரியை எழுதியிருந்தால், அதற்கு ஈடு இந்தத் துறையில் இல்லை. 1875-இல் பாரிஸில் முதல் கார்மென், கலி-மரியே. 1887-இல் மிலானின் லா ஸ்காலாவில் முதல் ஒதெல்லோ, டமான்யோ. 1896-இல் டூரினில் முதல் மிமி, செசிரா ஃபெர்ரானி. 1900-இல் ரோமில் முதல் டோஸ்கா, ஹரிக்லேயா டார்க்ளே. 1910 டிசம்பர் 10 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் புச்சினியின் 'மேற்கின் பெண்' அரங்கேறியபோது எம்மி டெஸ்டின் மின்னி, கருசோ ஜான்சன். இப்படி ஒரு பட்டியலை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவர்களில் பலருடைய பெயர் இன்றைய கடைக்காரருக்கே தெரியாது. ஃபெர்ரானியின் கையெழுத்து, பெரிய பெயர்களுக்கு நடுவே சில்லறை விலைப் பெட்டியில் கிடக்கலாம். அதில் மிமியின் வரி இருக்கிறதா என்று பார்க்கும் கண் உங்களிடம் இருக்க வேண்டும்.

3. மொழியைப் பார்த்து மிரள வேண்டாம். வெர்டியின் வரியை ஒரு வியன்னா பாடகி ஜெர்மனில் எழுதியிருப்பார். வாக்னரின் 'லோஹென்கிரின்' வரி இத்தாலியனில் இருக்கும். புதிதாக வருகிறவர் உடனே போலி என்பார். அந்தக் காலத்தில் வியன்னாவில் வெர்டியை ஜெர்மனில்தான் பாடினார்கள். 1956-இல் கராயான் அங்கே இயக்குநராக வந்த பிறகுதான் மூலமொழியில் பாடுவது நிலைபெற்றது. லண்டன் கோவென்ட் கார்டன் 1892 வரை 'ராயல் இத்தாலியன் ஓபரா' என்ற பெயரோடு, பிரெஞ்சு ஓபராவையும் ஜெர்மன் ஓபராவையும்கூட இத்தாலியனில் பாடவைத்தது. ஆகவே 1930-களின் வியன்னாக்காரர் சுத்தமான இத்தாலியனில் வெர்டி வரி எழுதியிருந்தால்தான் நான் இரண்டாம் முறை பார்ப்பேன். வெளிநாட்டில் பாடப் போன இடத்தில் எழுதியிருக்கலாம். எங்கே, எப்போது என்று கேட்காமல் காசை எடுக்காதீர்கள்.

4. பெயரே தேதி சொல்லும். காலாஸ் 1949-இல் மெனெகினியை மணந்த பிறகு 'மரியா மெனெகினி காலாஸ்' என்று கையெழுத்திட்டார். 1959-இல் பிரிந்த பிறகு நடுப்பெயர் போய்விட்டது. அறுபதுகளின் படத்தில் மெனெகினி இருந்தால் விசாரியுங்கள். அடெலினா பட்டி மூன்று முறை மணந்தவர். 1886-க்குப் பின் பட்டி-நிகோலினி, 1899-க்குப் பின் சீடர்ஸ்ட்ரோம் என்ற பெயர்களையும் அவர் தாள்களில் காணலாம். ஜெனி லிண்ட் 1852-இல் ஓட்டோ கோல்ட்ஷ்மிட்டை மணந்ததும் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொண்டார். எம்மி டெஸ்டின் முதல் உலகப் போருக்குப் பின் செக் மொழி வடிவில் எமா டெஸ்டினோவா ஆனார்.

அப்புறம் லேமன். லில்லி லேமன் 1876-இல் முதல் பைரோய்ட் விழாவில் பாடியவர். லோட்டே லேமன் 1916-இல் வியன்னாவில், ஷ்ட்ராவுஸின் 'அரியாட்னே' திருத்திய வடிவில், இசையமைப்பாளன் பாத்திரத்தை முதலில் பாடியவர். இருவருக்கும் நாற்பது வயது வித்தியாசம். 'எல். லேமன்' என்ற ஒரே கோப்பில் இருவரையும் போட்டு வைத்திருக்கும் விற்பனையாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைத் திருத்த வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

5. மையும் தாளும். பழைய இரும்பு-கடுக்காய் மை கருப்பாக எழுதி, காலப்போக்கில் பழுப்பாகும். தாளையும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். பால்பாயிண்ட் பேனா கடைக்கு வந்ததே 1940-களில்தான். 1921-இல் இறந்த கருசோ அதால் எழுதியிருக்க முடியாது. மெல்லிய ஃபைபர் முனைப் பேனா 1960-களில் பரவியது. 1960 செப்டம்பரில் மறைந்த யுஸ்ஸி பியோர்லிங் கையெழுத்து அதில் இருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். புற ஊதா விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. 1950-க்குப் பிந்தைய தாள்களில் பலவும் வெளுப்பூட்டும் ரசாயனம் சேர்ந்தவை. அந்த விளக்கின் கீழே நீலவெள்ளையாகப் பளிச்சிடும். அதற்கு முந்தைய தாள் மங்கியே கிடக்கும். மங்கிய தாள் என்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது. பழைய புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தைக் கிழித்து எழுதுவது போலிக்காரரின் பால பாடம்.

6. சுரம் எழுதிய கை எப்படி ஓடியிருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆயிரம் முறை பாடிய வரியைப் பாடகர் யோசித்து எழுதமாட்டார். கிளெஃப் ஒரு சுழி, சுரத்தலை ஒரு கீற்று, அவ்வளவுதான். ஷார்ப், ஃப்ளாட் குறிகளை முழுதாகப் போட மறந்திருப்பார். தண்டு தப்பான பக்கம் ஏறியிருக்கும். ஒரு சுரம் விட்டுப்போய் மேலே செருகியிருப்பார். இவை எதுவும் குறையில்லை. அச்சுப் பிரதியைப் பார்த்துப் பெயர்த்து எழுதியவர்தான் தாளக்குறி, இடைநிறுத்தம், வேகக்குறி எல்லாம் பிசகாமல் போடுவார். அவர் கோடு, புள்ளியைத் தொட்டுத் தொட்டு இழுக்கும் கற்றுக்குட்டிக் கோலம்போல நடுங்கும்.

இன்னொரு நுட்பம். பழைய குரலிசை எழுத்தில் ஒவ்வொரு அசைக்கும் எட்டாம் சுரங்கள் தனித்தனிக் கொடியோடு நிற்கும். ஒரே அசையை இழுத்துப் பாடும் இடத்தில்தான் சுரங்களைப் பட்டையால் சேர்ப்பார்கள். கருவியிசை எழுத்தில் தாளத்துக்குத் தாளம் பட்டை வரும். பழைய தலைமுறைப் பாடகர் பெயரில் வந்த தாளில் சுரங்கள் பியானோ பாணியில் பட்டை கட்டி நின்றால், அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

7. அச்சடித்த கையெழுத்து. பிரபலமானவர்களின் படங்கள் கையெழுத்தோடு சேர்த்தே அச்சாகி வந்தன. உருப்பெருக்கியில் சிறு புள்ளிகள் தெரிந்தால் அச்சு. புள்ளி இல்லாவிட்டாலும், படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மை பளபளப்புக்கு மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். அடியில் புதைந்திருந்தால் நெகட்டிவிலேயே எழுதியது. செயலாளர் போட்ட கையெழுத்து இதைவிடத் தொல்லை. மை அசல், தாள் அசல், காலம் சரி, ஆள் மட்டும் வேறு. பெயருக்குச் செயலாளர் உண்டு. சுரத்துக்குச் செயலாளர் வைத்துக்கொண்டவர் அபூர்வம். இசைவரியை நான் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

8. கருசோவின் கேலிச்சித்திரங்கள் பக்கம் போகும்போது பர்ஸை இறுக்கிப் பிடியுங்கள். அவர் நன்றாக வரைவார். நியூயார்க்கில் வெளிவந்த 'லா ஃபொல்லியா' என்ற இத்தாலியப் பத்திரிகைக்காகத் தொடர்ந்து வரைந்தார், அவை நூலாகவும் தொகுக்கப்பட்டன. ஆகவே நூலிலிருந்து வெட்டிச் சட்டம் போட்ட பக்கங்கள் 'அசல் ஓவியம்' என்று சுற்றுகின்றன. பார்த்து வரைந்த போலிகளும் ஏராளம். ஷாலியாப்பினும் தன்னைத்தானே வரைந்து கையெழுத்திடுவார். இருவர் விஷயத்திலும் எங்கிருந்து வந்தது என்ற வரலாறு இல்லாமல் வாங்க வேண்டாம்.

9. உயிரோடிருப்பவர்களிடம் நேரில் கேட்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் இன்பமே. லண்டன் ராயல் ஓபரா ஹவுஸின் மேடை வாசல் ஃப்ளோரல் தெருவில் இருக்கிறது. வியன்னாவில் நின்றுகொண்டே பார்க்கும் டிக்கெட் வாங்கிய ரசிகர்கள் காட்சி முடிந்து மேடை வாசலில் கூடுவார்கள். அவர்களோடு நின்றால் யார் எந்த வாசலால் போவார், யார் எழுதுவார், யார் சிரித்துவிட்டுப் போவார் என்பதெல்லாம் தெரியவரும்.

காட்சிக்கு முன் ஒருபோதும் கேட்காதீர்கள். பல பாடகர்கள் அன்று பகல் முழுக்கப் பேசுவதையே குறைத்துக்கொள்வார்கள். முடிந்த பிறகும், ஒப்பனை கலைத்து, வியர்வை அடங்கி வர முக்கால் மணி நேரமாவது ஆகும். குளிர்காலம் என்றால் கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு நேரே காருக்குத்தான் நடப்பார்கள். அப்போது வழிமறித்து இசைவரி கேட்பது முறையல்ல. அன்று பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு தாள். ஐந்து படங்களை நீட்டினால் வியாபாரி என்று முகத்திலேயே எழுதியாயிற்று.

கதாநாயகிக்காகக் காத்திருக்கும்போது இரண்டாம் நிலைப் பாடகர்கள் யாரும் சீண்டாமல் உங்களைக் கடந்து போவார்கள். அவர்களிடம் கேளுங்கள். நின்று, பையைக் கீழே வைத்து, ஆசையாக நாலு மாத்திரை எழுதித் தருவது அவர்கள்தான்.

10. எதில் எழுதச் சொல்வது? கோடு போடாத தாளை நீட்டி 'ஒரு வரி எழுதுங்கள்' என்றால் நின்றுகொண்டே ஐந்து கோடு இழுக்க யாருக்குப் பொறுமை? வழவழப்புப் பூச்சு இல்லாத, அமிலமற்ற கெட்டி அட்டையில் ஐந்து கோட்டை நீங்களே முன்கூட்டி இழுத்து வையுங்கள். கோடுகளுக்கு இடையே தாராளமாக இடம் விடுங்கள், கண்ணாடி இல்லாமல் எழுத வேண்டியிருக்கும். கீழே சொல்லுக்கும் பெயருக்கும் இடம் வேண்டும். அடியில் வைக்க ஒரு கெட்டிப் பலகை. பிக்மென்ட் மை பேனா இரண்டு, ஒன்று குளிரில் உறைந்து சதி செய்யும். 'உங்களுக்குப் பிடித்த வரி' என்று கேட்டால் யோசனையில் நின்றுவிடுவார்கள். 'இன்றிரவு பாடியதில் ஒரு வரி' என்று கேளுங்கள். கை தானாக ஓடும்.

நொட்டேஷன் சரளமாக எழுத வராத பாடகர்கள் இருக்கிறார்கள், நல்ல பாடகர்களிலும்தான். முகம் கொஞ்சம் மாறினால் உடனே 'பாத்திரத்தின் பெயர் மட்டும் போதும்' என்று சொல்லிவிடுங்கள்.

11. தபாலில் கேட்பதானால் ஓபரா அரங்கின் முகவரிக்கு, அவர் அங்கே பாடும் பருவத்தில், கையால் எழுதிய கடிதம். எந்தக் காட்சியை அல்லது எந்தப் பதிவைக் கேட்டீர்கள் என்று இரண்டு வரியில் உண்மையைச் சொல்லுங்கள். கோடு போட்ட அட்டையும், உங்கள் முகவரி எழுதிய உறையும், திரும்பி வரும் செலவுக்கு ஏற்பாடும் உள்ளே இருக்க வேண்டும். பதில் வந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அஞ்சல் முத்திரைதான் நாளைக்குச் சாட்சி.

12. 'இன்னாருக்கு' என்று பெயர் எழுதிய தாளுக்குச் சந்தையில் விலை குறைவு. எனக்கு நேர்மாறு. யாருக்கு எழுதினார் என்று தெரிந்த தாளில் கதை இருக்கிறது. உங்கள் பெயரை எழுதச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

13. ஆல்பத்தைப் பிரிக்காதீர்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மன் மாணவர்கள் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் வாசகம் வாங்கச் சிறு புத்தகம் வைத்திருந்தார்கள். அந்த வழக்கம் இசைக்காரர்களிடம் வந்தபோது வாசகத்தோடு ஒரு கானனோ ஒரு வரியோ சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரவேற்பறைகளில் ஒரே ஆல்பத்தில் இசையமைப்பாளரும் பாடகியும் அடுத்தடுத்த பக்கத்தில் எழுதினார்கள். புச்சினியும் மஸ்காக்னியும் லெயோன்கவாலோவும் கேட்டவர்களுக்கெல்லாம் தங்கள் ஓபராவிலிருந்து சில மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட ஆல்பம் ஏலத்துக்கு வந்தால் வாங்கிய கையோடு கத்தரித்து, பெரிய பெயர்களை மட்டும் தனியாக விற்பது வழக்கமாகிவிட்டது. யார் யாருக்குப் பக்கத்தில் எழுதினார், எந்த மாலையில், யார் வீட்டில் என்ற செய்தி அதோடு அழிகிறது. இது லாபம் பார்ப்பவர்களின் கொலைத்தொழில். முழு ஆல்பம் வாங்க வசதி இல்லையென்றால் தனித்தாளோடு நில்லுங்கள். முழு ஆல்பம் கையில் வந்தபின் பிரித்தால் என் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

14. பாதுகாப்பு. பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். மலிவான பி.வி.சி. உறை நாளடைவில் மையை உரித்து எடுக்கும். லேமினேஷன், செலோ டேப், ரப்பர் பேண்ட், கோந்து எதுவும் அருகே வரக் கூடாது. மார்க்கர் மை வெயில் படும் சுவரில் தொங்கினால் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். சுவரில் தொங்க நகல், பெட்டியில் அசல். சென்னை, யாழ்ப்பாணம்போன்ற கடலோர ஊர்களில் ஈரமும் ராமபாணப் பூச்சியும்தான் முதல் எதிரிகள். இரும்பு பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பருவத்துக்கு ஒருமுறை மாற்றி, தாள்களை அவ்வப்போது வெளியே எடுத்துப் புரட்டிப் பாருங்கள்.

15. வாங்கிய அன்றே குறிப்பு எழுதுங்கள்: தேதி, ஊர், எந்த ஓபரா, யார் முன்னிலையில், எவ்வளவு கொடுத்தீர்கள். நிகழ்ச்சி நிரலும் டிக்கெட் துண்டும் அதே உறையில். தாளின் பின்புறம் எழுத வேண்டியிருந்தால் மென்மையான பென்சில் மட்டும்.

16. நிறையப் பாருங்கள். விற்பனைப் பட்டியலில் பார்ப்பது போதாது, அங்கே கலப்படம் உண்டு. ஸ்டெஃபான் ஸ்வைக் சேர்த்த கையெழுத்துப் பிரதிகள் 1986 முதல் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மொசார்ட் தன் படைப்புகளைத் தானே பட்டியலிட்டு வைத்த குறிப்பேடும் அதில் உண்டு. நியூயார்க் மோர்கன் நூலகமும் லா ஸ்காலா அருங்காட்சியகமும் இதே காரணத்துக்காகப் போக வேண்டிய இடங்கள். சந்தேகமில்லாத அசலை மணிக்கணக்கில் பார்த்த கண்ணுக்குப் போலி தானாக உறுத்தும்.

17. உங்களுக்குப் பின் இவை எங்கே போகும் என்று இப்போதே நினையுங்கள். பாடகிகளிலேயே பெரிய சேகரிப்பாளர் பாலின் வியார்தோ. 1855-இல் மொசார்ட் தன் கையால் எழுதிய 'டான் ஜியோவானி'யை விலைக்கு வாங்கினார். 1892-இல் பாரிஸ் கன்சர்வேட்டரிக்குக் கொடுத்துவிட்டார். இன்று அது பிரான்ஸ் தேசிய நூலகத்தில், யார் ஆராய்ந்தாலும் கைக்கெட்டும்படி இருக்கிறது. நம்மிடம் இருப்பது அந்த அளவு இல்லை. நூலகத்துக்கே கொடுப்பதானால் முன்கூட்டிப் பட்டியல் அனுப்பிக் கேளுங்கள். மூட்டை கட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். முந்நூறு தாளில் அவர்கள் ஏழுதான் வேண்டும் என்பார்கள். அந்த ஏழும் பெரும்பாலும் நீங்கள் பெரிதாக நினைக்காத இரண்டாம் நிலைப் பாடகர்களுடையதாகவே இருக்கும், குறிப்போடு இருப்பவை அவைதான் என்பதால். மனம் சுளிக்காமல் கொடுத்துவிட்டு, மீதியை ஆர்வமுள்ள ஒரு இளையவருக்கு மொத்தமாகக் கொடுங்கள். விலை பேசுவதானால் குறைத்தே பேசுங்கள்.